செர்பியாவுக்குப் போகும் கையேட்டில் எண்களையும் மொழிபெயர்க்க வேண்டும்

அழுத்தமானி, தராசு போன்ற அளவுக் கருவிகளின் ஆங்கிலக் கையேடுகளைச் செர்பிய மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்து, திரும்பி வரும் வரைவை அவர்களோடு உட்கார்ந்து சரிபார்ப்பது என் வேலை. கடினமான கலைச்சொற்கள் பெரிய தொல்லை தருவதில்லை. அவற்றைக் கண்டால் எல்லோரும் உஷாராகிவிடுகிறார்கள். எளிதாகத் தெரிகிற இடங்களில்தான் ஆபத்து, முக்கியமாக எண்களில்.

செர்பியாவில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. ஆங்கில அட்டவணையில் 2.500 கிலோ என்றால் இரண்டரை கிலோ. அதை அப்படியே விட்டுவிட்டால், பெல்கிரேடில் கருவியைப் பொருத்துகிற டெக்னீஷியன் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ என்றுதான் படிப்பார். 0.5 என்று இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். புள்ளிக்குப் பின்னால் சரியாக மூன்று இலக்கம் வரும்போதுதான் சிக்கல், துல்லியக் கருவிகளின் அட்டவணைகளில் அப்படித்தான் அதிகம் வரும். ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம், சிறு இடைவெளி போதும் என்று சர்வதேச அமைப்பான எடை, அளவைகளுக்கான பொது மாநாடு 2003-இல் மறுபடி உறுதிசெய்திருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறை மூல ஆவணத்திலேயே 2 500 என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னொன்று: ஆங்கில 'பில்லியன்' நூறு கோடி, செர்பிய 'பிலியோன்' லட்சம் கோடி. நூறு கோடிக்கு அங்கே 'மிலியார்தா' என்பார்கள்.

அடுத்து 'கேலிபரேட்', அதாவது கருவியின் அளவைச் சரிபார்ப்பது. ஆங்கிலக் கையேடுகள் இந்த ஒரு சொல்லை வைத்தே எல்லா வேலையையும் சொல்லிவிடும், செர்பியத்தில் அது நடக்காது. கருவி காட்டும் அளவை மேலான ஒரு படித்தர அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் என்ன, அந்த வித்தியாசமே எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதித் தருவது எடலோனிராஞே. கருவியைத் திருத்திச் சரியான அளவைக் காட்ட வைப்பது போதெஷாவாஞே. சட்டப்படி சோதித்து முத்திரை போடுவது ஓவெராவாஞே. கடைசி வேலையைச் செர்பிய அரசின் அளவைகள் மற்றும் விலையுயர்ந்த உலோகங்களுக்கான இயக்ககமோ அதன் அங்கீகாரம் பெற்ற அமைப்போதான் செய்ய முடியும். 2016-இல் வந்த அளவியல் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. தொழிலாளர்கள் பேச்சில் 'பாஜ்தாரெஞே' என்ற பழைய சொல்லும் புழங்குகிறது. அதைக் கையேட்டில் போட்டால் எந்த வேலை என்றே தெரியாது.

ஒரு தராசுக் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "தட்டில் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்து, கேலிபரேட் பொத்தானை அழுத்தவும்" என்று இருக்கும். இங்கே நடப்பது திருத்தம், ஒப்பீடு இல்லை. ஆகவே போதெஷாவாஞே என்றுதான் வர வேண்டும். எடலோனிராஞே என்று போட்டுவிட்டால், ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய வேலையைத் தானே முடித்துவிட்டதாகப் பயனர் நம்புவார். தணிக்கை வரும்போது சான்றிதழ் இருக்காது. அதைவிட மோசம், அதுவரை எடுத்த அளவுகள் எதையும் நம்ப முடியாது. பொத்தான் மேல் என்ன எழுதியிருக்கிறது, அழுத்தினால் திரையில் என்ன வருகிறது என்று பார்க்காமல் இந்த வாக்கியத்தை யாராலும் சரியாக மொழிபெயர்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

அங்குலத்தைக் கண்டதும் மில்லிமீட்டருக்கு மாற்றுகிற அவசரமும் வேண்டாம். அரை அங்குலக் குழாயை 12,7 மில்லிமீட்டர் என்று எழுதினால் கணக்கு சரி, பொருள் கிடைக்காது. அந்தக் குழாயின் வெளிவிட்டம் 21,3 மில்லிமீட்டர், 'அரை' என்பது அதன் பெயர் மட்டுமே. செர்பியக் கடைகளிலும் ஜெர்மனிலிருந்து வந்த 'ட்சோல்' என்ற சொல்லால், அரை ட்சோல் குழாய் என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம், குரோஷிய மொழிக்குச் செய்த பழைய மொழிபெயர்ப்பைச் செர்பியத்துக்கும் போதும் என்று ஒட்டிவிடுகிற பழக்கம். படித்தால் புரியத்தான் செய்யும். ஆனால் அழுத்தத்துக்குக் குரோஷியத்தில் 'த்லாக்', செர்பியத்தில் 'பிரிதிசாக்'. எடலோனிராஞேக்குக் குரோஷியத்தில் 'உம்யெராவாஞே'. ஒரே கையேட்டில் இரண்டும் கலந்து வந்தால், இவை வெவ்வேறு வேலைகளோ என்று பயனர் தடுமாறுவார். வேலையை ஒப்படைக்கும்போதே எந்த நாட்டுக்கு, யார் கைக்குப் போகிறது என்று எழுதிக் கொடுங்கள். கருவியின் விவரத்தாளையும் திரைப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் திருப்பிக் கேள்வி கேட்டால், பதில் சொல்லக் கருவி தெரிந்த ஒரு பொறியாளரை ஒதுக்கி வையுங்கள்.