தகர ஷெட்டுக்குள் வெக்கை எப்படி இறங்குகிறது?

பல்லடம், அவிநாசி, உடுமலைப் பக்கத் தோட்டங்களில் வீட்டை விட்டுத் தள்ளி ஒரு தகர ஷெட் நிற்கும். காரோ டிராக்டரோ நிறுத்த எப்போதோ போட்டது. இப்போது அதில் நாலு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்கலாமா என்று யோசிப்பார்கள். சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. உடனே கேட்பது, "எத்தனை இன்ச் தெர்மோகோல் ஒட்டணும்?" வெக்கை எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வருவது நல்லது.

உச்சி வெயிலில் துருவேறிய தகடு 65 டிகிரி வரைகூட சுடும். ஆனால் சூடான காற்று மேலேயே தங்கும், கீழே இறங்காது. தகட்டின் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் நம் தலைக்கு வருகிறது. தரை 35 டிகிரியில் இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட் இறங்கும். பத்துக்கு இருபது அடி ஷெட் என்றால் மொத்தம் 3,700 வாட் பக்கம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி நாலைத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

பளபளப்பான அலுமினியப் பரப்புக்கு ஓர் அருமையான குணம் உண்டு. எவ்வளவு சூடானாலும், அதே சூட்டில் கரும்பரப்பு வீசும் கதிரில் 5 சதவீதம் அளவுக்குத்தான் அது வீசும். அந்த 200 வாட் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். அதனால் அலுமினிய ஃபாயில் ஒட்டிய பபிள் ஷீட்டை (காற்றுக் குமிழ்கள் கொண்ட பிளாஸ்டிக் விரிப்பு)த் தகட்டுக்கு ஓர் இன்ச் கீழே, பளபளப்பு முகம் கீழ்நோக்கி இருக்கும்படி இழுத்துக் கட்ட வேண்டும். மேல்நோக்கிய முகத்தில் செம்மண் தூசியும் பஞ்சும் படிந்தால் அந்தக் குணம் போய்விடும். இடைவெளிக் காற்று இறவாரத்தில் நுழைந்து முகட்டில் வெளியேற வழி விடுங்கள். தெர்மோகோலும் பலன் தரும்தான். ஆனால் என் கணக்கில் இதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் பழைய ஷெட்டில் ரிப்பேர்தான் முதல் வேலை. மார்கழி இரவில் தகடு வானத்தை நோக்கிச் சூட்டை வீசிவீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடிகாலையில் அதன் அடிப்பக்கம் தடவிப் பாருங்கள், கை நனையும். ஓட்டையையும் துருவையும் விட்டுவிட்டு மேலே எதையாவது ஒட்டினால், அந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்னும். துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை அது தான் கரைந்து இரும்பைக் காக்கும். பூச்சு போன இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்துவிட வேண்டும்.

போல்ட் ஓட்டைகளையும் கவனியுங்கள். இருபது அடித் தகடு விடிகாலைக்கும் மத்தியானத்துக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டு ஓட்டை அகன்றுவிடும், வாஷர் வெடித்துவிடும். அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றுக்குத் தகடு தூக்கிக்கொள்ளும். புது ரப்பர் வாஷர் போட்டு, தகட்டின் மேட்டில் முடுக்குங்கள். பள்ளத்தில் போட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியாகவே ஒழுகும்.

ஷெட்டைத் தாங்கும் கால் கம்பிகளின் அடி அரித்திருந்தால் வெட்டி வெல்டிங் வைப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். தெர்மோகோலும் பபிள் ஷீட்டும் தீப்பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். பின்னால் வெல்டிங் தேவைப்பட்டால், அந்த இடத்து ஷீட்டைக் கழற்றி வெளியே வைத்த பிறகே மெஷினை ஆன் பண்ணச் சொல்லுங்கள்.