எலியின் சத்தமும் கூகையின் காதும்

‘ஆங்கிலத்தில் கூகை எலிகளை ஈட் (eat) செய்கிறது என்று சொல்லாமல் ஏன் ப்ரே ஆன் (prey on) என்று எழுதுகிறார்கள்?’ என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ‘ஈட்’ தின்பதை மட்டும் சொல்லும். ‘ப்ரே ஆன்’ வேட்டையாடித் தின்றே பிழைப்பதைச் சொல்லும். என்றோ ஒரு நாள் எலியைக் கடித்த நாய்க்கு அது பொருந்தாது. கொள்ளைப் பொருளைக் குறிக்கும் ‘ப்ரேடா’ என்ற லத்தீன் சொல்லே அதன் மூலம். முதியவர்களைக் குறிவைக்கும் மோசடிக் கும்பலுக்கும், மனத்தை அரிக்கும் கவலைக்கும் இதே வினைதான்.

எலியை நம்பியே வாழும் உடம்பு எப்படி இருக்கும்? பழைய நெல் கிடங்கு ஒன்றின் சுவரடியில் கூகை கக்கிப் போட்ட உருண்டையை எடுத்துவந்து தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். சாம்பல் நிற மயிருக்குள் மூன்று மண்டையோடுகள். முன்பற்களில் ஆரஞ்சு நிறம்கூடப் போகவில்லை. இந்தப் பறவையைத்தான் சாவுக்குருவி என்று கல்லெறிந்து விரட்டுகிறோம். வயல்காரர்களே அதைச் செய்யும்போது மனம் பொறுப்பதில்லை.

கூகை கும்மிருட்டிலும் எலியைப் பிடிக்கும். ஒரு சோதனையில், இருட்டறையில் காகிதத்தைச் சரசரவென்று இழுத்தபோது கூகை அந்தக் காகிதத்தின் மீதே பாய்ந்தது. மோப்பமும் உடல் சூடும் அல்ல, சத்தமே வழிகாட்டி.

அதன் இடக் காதுத் துளை சற்று மேலே இருந்து கீழ்நோக்கித் திறக்கிறது; வலக் காது கீழே இருந்து மேல்நோக்கி. தரையிலிருந்து வரும் ஒலி இடக் காதில் உரத்துக் கேட்கும். உயரம் தெரிந்துவிட்டது.

இடமா வலமா என்பதற்கு நேரம்தான் கணக்கு. இடப்பக்க ஒலி இடக் காதை முதலில் தொடும். அதிகம் போனால் நொடியைப் பத்து லட்சம் கூறாக்கி அதில் 200 கூறு அளவே முந்தும். அதை மூளை எப்படி அளக்கிறது? 1948இல் லாயிட் ஜெஃப்ரஸ் என்ற உளவியலாளர் ஒரு யோசனை சொன்னார். பல ஆண்டுகள் கழித்து நரம்பியலாளர்கள் கேத்தரின் காரும் மசகாசு கொனிஷியும் அதைக் கூகையின் மூளையிலேயே கண்டார்கள். இரு காதுகளின் நரம்பிழைகளும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே நரம்பணு வரிசைக்குள் நுழைகின்றன. இரண்டு துடிப்பும் ஒரே கணத்தில் வந்து சேரும் நரம்பணுவே உரக்கத் துடிக்கும். முந்திக் கிளம்பிய துடிப்பு அதிகத் தொலைவு ஓடியிருக்கும். ஆகவே சந்திக்கும் இடம் மறுபக்கம் நகரும். கடிகாரம் எதுவும் தேவையில்லை. வரிசையில் எந்த நரம்பணு துடிக்கிறதோ, அதுவே எலி இருக்கும் திசை.