பொங்கலுக்கு அடித்த பெயின்ட் சித்திரையில் உரிவது ஏன்? பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன்

பெயின்டர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் மார்கழி. போகிக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். சுவரில் ஆண்டிலேயே அதிக ஈரம் தங்கியிருக்கும் மாதமும் அதுதான். ஐப்பசி, கார்த்திகை முழுக்க வடகிழக்குப் பருவமழையைக் குடித்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதன்மேல் பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, எமல்ஷனால் மூடிவிடுகிறோம். பங்குனி வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். வழியில்லை. படலத்தைத் தள்ளிக்கொண்டு வரும். சித்திரையில் கொப்புளம், வைகாசியில் தாளாக உரியும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தில் தவறில்லை. அந்த நாளில் அடித்தது சுண்ணாம்பு. அது நீராவியைத் தடுக்காது, ஈரச் சுவரிலும் பிடிக்கும், அடுத்த வருடம் மறுபடி அடித்தாலும் செலவு குறைவு. பொருள் மாறிவிட்டது, நாள் மட்டும் மாறவில்லை.

இங்கே பேசுவது ஏறத்தாழ 1975 முதல் 1995 வரை கட்டிய கான்கிரீட் தள வீடுகளைப் பற்றி. மொசைக் தரை, தேக்குக் கதவு, கடப்பா கல் அலமாரி, திறந்த பரண், கிரில் போட்ட முன்வாசல் என்று பார்த்தவுடன் அடையாளம் தெரியும். இவற்றைப் புதுப்பிக்கப் பணம் எடுத்து வைப்பவர்களில் பெரும்பாலோர் நிறம், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் என்றுதான் தொடங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, அதற்கடுத்து மின்சாரம். மிச்சத்தில்தான் அழகு. கையில் ஐந்து லட்சம் இருந்தால் நாலு லட்சத்துக்குத் திட்டம் போடுங்கள். பழைய வீட்டில் உடைத்துப் பார்த்த பிறகே தெரியும் செலவுகள் உண்டு, அவை அந்த ஒரு லட்சத்தை எப்படியும் தேடி வரும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது

சுவரில் ஈரம் இருக்கும் உயரமே பாதி பதில். தரையிலிருந்து மூன்றடிக்குள் ஒரு பட்டைபோல ஓடினால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மேல் மூலையில் தொடங்கிக் கீழே இறங்கினால் மொட்டை மாடி. சுவரின் நடுவில் திட்டாக இருந்து, கோடையிலும் காயாவிட்டால் உள்ளே புதைத்த குழாய். சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடி சதுரமான தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நின்றால் காற்றோட்டக் குறைவு. குழாய்க் கசிவுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு: இரவில் மேல்தொட்டியை நிரப்பி, மட்டத்தைக் குறித்து, எல்லாக் குழாயையும் மூடிவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதத்துக்கு நம் ஊரில் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால், கட்டும்போது தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருந்த வீடு இன்று தெருவுக்குச் சமமாகவோ கீழேயோ நிற்கிறது. அதோடு வீட்டுக்காரர்களும் சுற்றுப் பாதையை மண் கொட்டி உயர்த்திச் சிமென்ட் தளம் போட்டுவிடுவார்கள். அடித்தளத்துக்கு மேல் ஓதம் ஏறாமல் இருக்கப் போட்ட அடுக்கு அந்த மண்ணுக்குள் புதைந்துபோகும். பிறகு உள்ளே என்ன பூசினாலும் பயனில்லை. வெளியே முதல் வேலை: சுவரை ஒட்டிய மண்ணையும் தளத்தையும் உள்தரை மட்டத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுப்பது. இதற்குக் கூலியைத் தவிரச் செலவு அதிகமில்லை. தெருவே உயர்ந்துவிட்ட வீட்டில் தோண்டிய இடம் வாய்க்காலாகிவிடும் என்பதால், தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று பார்த்துவிட்டுத் தோண்டுங்கள்.

அதன்பின் உள்பக்கம். ஈரம் தெரியும் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். மாசி முதல் வைகாசி வரை ஏதாவது ஆறு வாரம் சுவரைத் திறந்தே வையுங்கள். யாரும் கேட்க விரும்பாத ஆலோசனை இது, ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது. இன்னும் ஏறினால், தரையை ஒட்டிய இணைப்பில் நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு நீரை விலக்கும் சிலேன் வகை க்ரீமைச் செலுத்தித் தடுப்பு உண்டாக்கலாம். ஒழுங்கான செங்கல் சுவரில் பலன் தரும், கருங்கல் அடுக்கிய சுவரில் நம்ப வேண்டாம்.

செய்யக் கூடாதது ஒன்று: ஓதத்தை மறைக்க நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுவது. வெளியேற இடமில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி ஐந்தாவது அடியில் பூக்கும்.

மொட்டை மாடி

அந்தக் கால வீடுகளில் கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். வெயிலைத் தாங்குவதில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் ஓட்டின் இணைப்பு ஒருமுறை திறந்துகொண்டால், கீழேயுள்ள ஜல்லி பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்துவைத்து, மழை நின்று ஒரு மாதம் ஆன பிறகும் சொட்டும். எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இதற்கு மேஸ்திரிகள் வழக்கமாகச் சொல்வது, “மேலேயே இரண்டு அங்குலம் தளம் போட்டுவிடலாம் சார்.” கணக்குப் பாருங்கள். ஆயிரம் சதுர அடியில் இரண்டு அங்குலக் கான்கிரீட் ஏறக்குறைய 11 டன். நாற்பது வருடத்துக்கு முன் போட்ட நான்கைந்து அங்குலத் தளத்தின் தலையில், ஈரம் குடித்த ஜல்லிக்கும் மேலே, அந்தப் பாரத்தை ஏற்றுகிறோம். ஈரமும் நடுவில் சிறைப்பட்டுவிடுகிறது. ஓடு பல இடங்களில் கிளம்பியிருந்தால் பழைய அடுக்கை எடுத்துவிட்டுப் போடுவதுதான் முறை. எடுக்கும்போது உளியும் சுத்தியலும் போதும். மின்சார பிரேக்கர் வைத்து உடைத்தால் வேலை ஒரே நாளில் முடியும், தளத்தில் புது விரிசலும் விழும்.

அடுக்கு நன்றாக இருந்து இணைப்புகள் மட்டும் கெட்டிருந்தால் செலவு மிகக் குறைவு. இணைப்புகளைச் சுரண்டி நிரப்புங்கள். விரிசல்களை ‘வி’ வடிவில் அரை அங்குலம் வெட்டி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையோ பாலியுரேத்தேன் சீலன்ட்டோ வையுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இரண்டு அங்குலச் சரிவாகக் கலவை பூசி, அதன்மேல் கண்ணாடியிழை வலை வைத்துக் கோட்டிங் அடியுங்கள். பாதிக் கசிவு இந்த மூலையிலும், மழைநீர் வெளியேறும் தூம்பின் வாயிலும்தான். தளம் முழுக்கப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் என்ற அளவிலாவது தூம்பை நோக்கி வாட்டம் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் மட்டும் போதாது. வேர் உள்ளே இருந்தால் அடுத்த மழையில் துளிர்க்கும். அந்த இடத்தின் செங்கலை எடுத்து, வேரைக் களைந்து, மறுபடி கட்டுவதே தீர்வு.

நீர்த்தடுப்புக் கோட்டிங் அடிக்கும்போது நடக்கும் ஏமாற்று எளியது: தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து அதிகப் பரப்புக்கு ஓட்டுவது. டப்பாவில் எழுதியிருப்பதைவிடக் கூடுதல் சதுர அடிக்கு வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் படலம் மெலிந்துவிட்டது என்று பொருள். இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக, காலை பத்து மணிக்குள் அல்லது நாலு மணிக்கு மேல். வெள்ளை நிறம் எடுத்தால் கீழே சூடும் குறையும்.

சோதிக்கத் தூம்பை அடைத்துத் தண்ணீர் கட்டுவார்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆயிரம் சதுர அடியில் ஒரு அங்குலத் தண்ணீரே சுமார் 2,350 கிலோ. கம்பி வெளியே தெரியும் தளத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

கம்பி தெரியும் தளம்

சீலிங்கில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் உடனே ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கத் தோன்றும். அது ஆபத்து. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. மறைத்தாலும் தள்ளுவது நிற்காது. சீலிங் முழுவதையும் கம்பால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் சரி, பொத்தென்று வந்தால் அந்த இடமும் கிளம்பியிருக்கிறது. முறையான வேலை இப்படி: கீழே முட்டுக் கொடுத்து, தளர்ந்ததை எல்லாம் எடுத்து, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும்படி குடைந்து, கம்பி வெள்ளையாகும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தாலோ, பீமில் இது நடந்திருந்தாலோ கொத்தனார் முடிவு செய்யும் விஷயமில்லை. கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அறையைப் பெரிதாக்கச் சுவரை உடைக்கும் திட்டத்துக்கும் இதே விதி. இந்த வீடுகளில் பலவற்றில் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது.

மின்சாரம்

பழைய வீட்டில் பீங்கான் ஃப்யூஸ், மரப்பட்டையில் ஓடும் ஒயர், எர்த் இல்லாத பிளக் இருந்தால் பெயின்டுக்கு முன்பே முழுதாக மாற்றுங்கள். அந்த ஒயரிங் ஒரு ஃபேனும் இரண்டு ட்யூப்லைட்டும் கணக்கிட்டுப் போட்டது. இப்போது ஒன்றரை டன் ஏசி, கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அதே வழியில் போகின்றன.

பொதுவான அளவு: லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர், பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கும் கெய்சருக்கும் தனித்தனியே 4. எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. முறையே 6 அல்லது 10 ஆம்பியர், 16, 20 என்று வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 மாட்டினால் அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கும் ஒயர். உயிரைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அதைப் பழைய ஒயரிங்கில் மாட்டியவுடன் விழுந்துகொண்டே இருந்தால் சாதனம் பழுது என்று கழற்றிவிடுவார்கள். பெரும்பாலும் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கும், அல்லது இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் ஓடும். அதைக் கண்டுபிடித்துப் பிரிப்பதுதான் எலக்ட்ரீஷியனின் வேலை.

தரையும் மரமும்

இங்கேதான் உண்மையில் மிச்சம் பிடிக்கலாம். மொசைக் தரையை உடைக்காதீர்கள். மெஷின் வைத்துச் சாணை பிடித்தால் புதுத் தரை. 60 அல்லது 80 எண் கல்லில் தொடங்கி, 120, 220, 320 என்று ஏற வேண்டும். முதல் கல்லுக்குப் பிறகு துளைகளை நிறம் சேர்த்த வெள்ளைச் சிமென்டால் அடைத்து, காயவிட்டு, அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். இந்த அடைப்பைத் தாண்டிப் போனால் ஆறு மாதத்தில் துளைகளில் அழுக்கு நிற்கும். ஆசிட் ஊற்றிக் கழுவுவதை மட்டும் விடுங்கள். சிமென்டும் பளிங்குச் சில்லுகளும் அதில் அரிக்கும். ரெட் ஆக்சைடு தரைக்கும், செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதுவே.

பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் மட்டம் அரை அங்குலத்துக்கு மேல் உயரும். எல்லாக் கதவின் அடியும் இழைக்க வேண்டும். பாத்ரூம் வாசல்படி தாழ்ந்துபோய்த் தண்ணீர் ஹாலுக்கு வருமா என்று முன்பே பாருங்கள்.

தேக்குக் கதவை மாற்றி ஸ்கின் டோர் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எனாமலைச் சுரண்டி, 80, 120, 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டால் இன்று வாங்க முடியாத கதவு. ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) எனக் கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல்தான். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

சமையலறையில் கடப்பா கல் அலமாரி உறுதியாக இருந்தால் அதன் முன்னே ஃப்ரேமும் கதவும் மட்டும் போதும். கல் எங்கும் ஒரே மட்டத்தில் இருக்காது, அதனால் கதவைக் கல்லில் நேரடியாகப் பொருத்தாமல் ஃப்ரேமில் மாட்டுங்கள். ப்ளைவுட் என்றால் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ளதை வாங்குங்கள். ஐஎஸ் 303-ன் சாதாரண எம்ஆர் வகை தண்ணீர் பக்கம் தாங்காது. திறந்த பரண்களுக்கும் சுவர் நிறத்திலேயே கதவு போட்டால் அறை பெரிதாகத் தெரியும்.

கடைசியாக நிறம்

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு உள்ளே பெயின்ட் பரப்பு, சீலிங்கும் சேர்த்து, மூவாயிரம் முதல் மூவாயிரத்து ஐந்நூறு சதுர அடி வரும். பெயின்டர் ஐயாயிரம் சொன்னால் டேப்பை எடுங்கள். பழைய சுண்ணாம்பு அடுக்கு இருந்தால் முழுக்கச் சுரண்டாமல் எமல்ஷன் அடிக்கக் கூடாது, அடுக்கோடு உரியும். புதுப் பூச்சுக்கு நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். முன்னறையில் வெள்ளை ட்யூப்லைட்டை எடுத்துவிட்டு 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) எல்இடி மாட்டிப் பார்த்த பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். கடையில் பார்த்த நிறம் வீட்டு வெளிச்சத்தில் வேறு.

சுவரில் காடி வெட்டிக் குழாயும் ஒயரும் போட்டதும், பூசி மூடும் முன், தரையிலிருந்து டேப்பை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் கர்ட்டன் கம்பிக்கு டிரில் போட வருபவர் கேட்கும் முதல் கேள்வி, “உள்ளே ஏதாவது போகுதா சார்?”