செஷனில் ஒரே பெயர், இரண்டு வேலை

"லாகின் நிக்கவே மாட்டேங்கு தம்பி" என்று கடைக்கார அண்ணாச்சி போன் செய்தால், நம்ம ஊர் டெவலப்பர்கள் பலரும் உடனே ஹோஸ்டிங்காரரைப் பிடிக்கிறார்கள், இல்லையென்றால் செஷன் (உள்ளே வந்தவர் யார் என்று பக்கம் மாறினாலும் சர்வர் வைத்திருக்கும் நினைவு) ஆயுளை வழக்கமான 1440 நொடியிலிருந்து ஏற்றிவிட்டுப் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை வட்டாரத்தில் என்னிடம் பழுதுபார்க்க வரும் பிஎச்பி மொழியில் எழுதிய தளங்களில் கோளாறு சர்வரில் இருப்பது குறைவு. செஷனுக்குள் ஒவ்வொரு தகவலுக்கும் வைக்கும் பெயரில்தான் இருக்கிறது.

பத்தமடைப் பாய் விற்கும் ஒரு தளம். லாகின் பக்கத்தை எழுதியவர் ஒருவர், பில் பக்கத்தை எழுதியவர் பிறகு வந்த வேறொருவர். முதல் ஆள் ‘யூசர்_ஐடி’ என்று அடிக்கோட்டோடு வைத்ததை அடுத்த ஆள் ‘யூசர்ஐடி’ என்று சேர்த்து எழுதிவிட்டார். பிஎச்பிக்கு இரண்டும் வேறு வேறு. ஓர் எழுத்து கேப்பிட்டலாக மாறினாலும் வேறுதான். (மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பியில் தளம் எழுதிப் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள், அங்கே அந்தப் பேதம் கிடையாது.) இல்லாத பெயரைக் கேட்டால் பிஎச்பி நின்றுவிடாது, ஒரு எச்சரிக்கையோடு ‘நல்’ (எதுவும் இல்லை) என்று கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் எச்சரிக்கையைத் திரையில் காட்டாமல்தான் வைத்திருப்போம், அதனால் வாடிக்கையாளருக்குத் தெரிவதெல்லாம் மறுபடியும் மறுபடியும் லாகின் பக்கம் மட்டும்.

ஊகிக்காதீர்கள், செஷன் ஃபைலையே திறந்து பாருங்கள். ‘செஸ்_’ என்று தொடங்கும் ஃபைலுக்குள் பெயர், ஒரு நெட்டுக்கோடு, என்ன வகை என்பதற்கு ஓர் எழுத்து, அப்புறம் மதிப்பு என்று வரிசையாக இருக்கும். உள்ளே இருப்பதைத் திரையில் கொட்டிக் காட்டும் ‘வார்_டம்ப்’ கட்டளையைப் போட்டாலும் போதும், பெயரை மேற்கோள் குறிக்குள் காட்டுவதால் வால்போல ஒட்டிக்கொண்ட இடைவெளிகூடப் பிடிபட்டுவிடும். வெறும் எண்ணைப் பெயராக வைப்பவர்களும் உண்டு: பில் நம்பர் 1045 என்றால் பெயரும் 1045. அந்தப் பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்யும், அடுத்த பக்கத்தில் ஆளையே காணோம், பிழைகள் பதிவாகும் எர்ரர் லாகில் மட்டும் ‘ஸ்கிப்பிங் நியூமெரிக் கீ’ (எண் பெயரைத் தவிர்க்கிறேன்) என்று கிடக்கும். ‘பில்_1045’ என்று மாற்றினால் சரி.

இதுவரை சொன்னது தொந்தரவு. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கேட்கும் பக்கத்தில் ஒருவர் மொபைல் நம்பரைத் தட்டுகிறார். யாருக்கு ஓடிபி போனது என்று நினைவு வைக்க அந்தப் பக்கம் அந்த ஆளை ‘யூசர்’ என்ற பெயரில் செஷனில் போடுகிறது. லாகின் பக்கமும் பாஸ்வேர்டு சரிபார்த்த பிறகு அதே ‘யூசர்’ என்ற பெயரில்தான் போடுகிறது. ‘என் கணக்கு’ பக்கம் பார்ப்பது ஒன்றே ஒன்று, ‘யூசர்’ இருக்கிறதா இல்லையா. அப்படியானால் அடுத்தவர் நம்பரைத் தட்டிவிட்டு, ஓடிபியைத் தொடாமலே கணக்குப் பக்கத்தின் முகவரியை நேராக அடித்தால் கதவு திறந்துவிடும். ஹேக்கிங் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் சோதனைக் கையேடு இதற்கு ‘செஷன் பஸ்லிங்’ என்று தனித் தலைப்பே வைத்திருக்கிறது. உள்ளே கிடப்பது வீட்டு முகவரி, போன் நம்பர், என்ன வாங்கினார்கள் என்ற கணக்கு. கடையை நம்பி ஜனங்கள் கொடுத்தது. அதைக் காப்பது எழுதியவர் பொறுப்பு, அண்ணாச்சிக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஒரே டொமைனில் இரண்டு ஃபோல்டரில் இரண்டு தளம் ஓட்டுபவர்களும் கவனிக்க வேண்டும். எந்த செஷன் யாருடையது என்று காட்ட பிரவுசரில் வைக்கும் குக்கியின் பெயரை மாற்றாமல் விட்டால் இரண்டும் ஒரே செஷனைப் பங்குபோடும். இரண்டிலும் ‘அட்மின்’ என்று பெயர் இருந்தால் ஒன்றில் நுழைந்தவர் மற்றதிலும் அட்மின். ‘செஷன்_நேம்’ மூலம் தளத்துக்கொரு பெயர் கொடுங்கள்.

செஷன் பெயர்களையெல்லாம் ஒரே ஃபைலில் கான்ஸ்டன்ட்டாக (மாறாத பெயராக) எழுதி, எல்லாப் பக்கமும் அங்கிருந்து எடுக்கட்டும். தப்பாக அடித்தால் பிஎச்பி 8 அங்கேயே நின்று கத்திவிடும். ஓடிபிக்குக் காத்திருப்பவருக்கு ‘ரீசெட்_யூசர்’, உள்ளே வந்தவருக்கு ‘லாகின்_யூசர்’. லாகின் ஆனதும் குக்கிக்குள் இருக்கும் அடையாளக் குறியான செஷன் ஐடியைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓடும் தளமென்றால் இன்றைக்கே ஒரு சோதனைக் கணக்கை வைத்து, மறந்த பாஸ்வேர்டு பக்கத்தில் அதன் நம்பரைக் கொடுங்கள், ஓடிபி கேட்கும்போது நிறுத்தி, ‘என் கணக்கு’ முகவரியை நேராக அடித்துப் பாருங்கள். உள்ளே விட்டால் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.