பெரிய காலிப்பர், பழைய பிரேக் ஆயில்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். வால்பாறை மலைப்பாதையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, பிரேக் மிதிச்சா தரை வரைக்கும் போகுது. வண்டிய ஓரமா பாறைல உரசி நிறுத்திட்டேன். குழந்தை பின்னாடி இருக்கு." ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் மேலே. எண் கீழிருந்து தொடங்குகிறது, அதனால் அதையும் சேர்த்து இன்னும் ஒன்பது வளைவுகள் பாக்கி. யாருக்கும் அடியில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த ஒரு மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். மறுநாள் ரெக்கவரி வண்டியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். முன் சக்கரம் இரண்டிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்த நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், வேறு ஏதோ பெரிய வண்டியிலிருந்து கழற்றியவை. காலிப்பர் என்பது, ஆயில் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளி, சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிரேக் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம். துளை போட்ட பெரிய டிஸ்க். இவற்றுக்காகவே வாங்கிய பெரிய அலாய் வீல். எழுபதாயிரத்துக்கு மேல் செலவாகியிருக்கிறது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். உள்ளே இருந்தது டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, "குறைஞ்சா ஊத்துவோம் அண்ணா" என்றார். பின் சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம், அதன் உள்ளே உரசி நிறுத்துவது பிரேக் ஷூ. இடது டிரம்மைக் கழற்றினால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகி, ஷூ ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. அந்தச் சிலிண்டரின் விலை, அவர் போட்டிருக்கும் அலாய் வீலின் நட்டுகளுக்குக் கொடுத்ததை விடக் குறைவு.

பழைய வண்டிப் பிரியர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. 106 குதிரைத்திறன் விடெக், மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூரில் செய்த லான்சர், 1.8 டர்போ ஆக்டேவியா ஆர்.எஸ். எல்லாவற்றையும் இந்தக் கைகளால் பிரித்து மாட்டியிருக்கிறேன். இன்றைய வண்டிகள் எதிலும் அந்த ஸ்டீயரிங் கிடைக்காது. அவற்றைப் பத்திரமாக வைத்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் சந்தோஷம்தான். ஆனால் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "பெரிய பிரேக் போட்டா சீக்கிரம் நிக்கும்ல?"

நிற்காது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாத் தப்பும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

காலிப்பர் பிடிப்பது சக்கரத்தின் சுழற்சியை. வண்டிக்கும் சாலைக்கும் இடையே இருப்பது நான்கு டயர்கள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகல ரப்பர். அந்த ரப்பர் தாருக்கு மேல் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் உங்கள் பிரேக்கின் எல்லை. இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆள் நடமாட்டமில்லாத காய்ந்த சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 50 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். சக்கரம் லாக் ஆகிக் கிறீச்சிட்டதா? சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கும் வண்டியென்றால் பெடல் காலடியில் படபடவென்று அதிர்ந்ததா? அப்படியானால், கம்பெனி கொடுத்த சின்னக் காலிப்பருக்கே உங்கள் டயர் தாங்குவதை விட அதிக பலம் இருக்கிறது. நான்கு பிஸ்டன் போட்டாலும் ஆறு பிஸ்டன் போட்டாலும் அதே டயர் அதே இடத்தில்தான் வழுக்கும். சக்கரம் லாக் ஆகவில்லை, வண்டியும் நிற்கவில்லை என்றால் அது காலிப்பர் சின்னது என்பதற்கு அடையாளம் இல்லை. எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

இந்தத் தம்பியின் டயரில் தேதியைப் பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1114 என்று இருந்தது. 2014-ஆம் ஆண்டின் 11-வது வாரம். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு சிவப்புக் காலிப்பர் வாங்கப் போயிருக்கிறார். அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்கிப் போட்டிருந்தால் வண்டி உண்மையிலேயே முன்னைவிடச் சீக்கிரம் நின்றிருக்கும்.

அப்படியானால் பெரிய பிரேக் எதற்கு? சூட்டுக்கு. திரும்பத் திரும்ப மிதிக்கும்போது ஏறும் சூட்டைத் தாங்குவதற்கு. பெரிய டிஸ்க்கில் இரும்பு அதிகம், காற்றும் அதிகம் படும். ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று 150-லிருந்து 60-க்கு இறக்குகிறவருக்கு அது தேவை. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ டிராக் டே ஓட்டுகிறவர் வந்து கேட்டால் நானே போட்டுத் தருவேன், ஆனால் மற்றதையெல்லாம் சரிசெய்த பிறகு.

நம் ஊரில் சாதாரண ஆளுக்கும் அந்தச் சூடு வரும் இடம் ஒன்று உண்டு, மலை இறக்கம். 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை முழுதாக நிறுத்தும்போது எவ்வளவு சூடு உண்டாகுமோ, கிட்டத்தட்ட அதே அளவு சக்தி வண்டி 40 மீட்டர் உயரம் இறங்கினாலே வந்துவிடும். வண்டி எந்த எடையாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 700 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். அதாவது, 100 கி.மீ. வேகத்திலிருந்து குறைந்தது 17 தடவை வண்டியை நிறுத்துவதற்குச் சமம். குடும்பமும் சாமானும் சேர்ந்து 1,300 கிலோ என்று வைத்தால், அந்தச் சூட்டில் இரண்டு குடம் தண்ணீர், சுமார் 30 லிட்டர், கொதி வந்துவிடும். இதில் எவ்வளவை இன்ஜினிடம் விடுகிறீர்கள், எவ்வளவை பிரேக்கில் ஏற்றுகிறீர்கள் என்பது உங்கள் இடது கையில் இருக்கும் கியரைப் பொறுத்தது. இந்தத் தம்பி நான்காவது கியரில், பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறார். "அதான் பெரிய பிரேக் போட்டிருக்கோமேன்னு நெனச்சேன் அண்ணா" என்றார். பெரிய பிரேக் அவருக்குக் கொடுத்தது அந்தத் தைரியத்தை மட்டும்தான்.

அப்புறம் அந்தக் கறுத்த பிரேக் ஆயில். டப்பா மூடியிலேயே டாட் 3, டாட் 4 என்று ஆயிலின் தரம் போட்டிருக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நூற்றுக்கு நான்கு பங்கு கூட வேண்டாம், அதற்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே கொதிநிலை 155 வரை இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், பெடல் தரையைத் தொடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் மறுபடி மேலே வரும். "இப்ப சரியாயிடுச்சு" என்று கிளம்பி விடுவார்கள். தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

எங்கள் தொழிலில் முதல் கேள்வியே இதுதான்: பெடல் உள்ளே போனதா, கல் மாதிரி நின்றதா? உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. கல் மாதிரி நின்றும் வண்டி ஓடுகிறது என்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது, இல்லாவிட்டால் உங்கள் மிதிக்குப் பலம் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்யவில்லை. மெக்கானிக்கிடம் "பிரேக் புடிக்கல" என்று மட்டும் சொல்லாமல் இதையும் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

காலிப்பரைப் பெரிதாக்கினால் இன்னொரு சிக்கல் வரும். பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழைய அளவிலேயே இருந்தால் பெடல் நீளமாக இறங்கும். அதாவது, ஆயில் நன்றாக இருக்கும் நாளிலேயே உங்கள் பெடலுக்குக் கீழே மிச்சமிருக்கும் இடம் குறைந்துவிடுகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள பிரேக் பங்கீடும் கெடும். முன்னால் மட்டும் பலம் கூட்டினால் முன் டயர் சீக்கிரமே லாக் ஆகிறது, பின் டயர் சும்மா வருகிறது. நிற்கும் தூரம் கூடினாலும் ஆச்சரியமில்லை. அதைவிட ஆபத்து, பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு பழைய சாமான் கடையில் கிடைத்த பெரிய டிஸ்க்கைப் போடுவது. மழையில் ஒரு வளைவில் பிரேக் தொட்டால் பின்பக்கம் முன்னே வந்து நிற்கும். அந்த மாதிரி சுழன்று சாய்ந்த ஐகான் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். டிரம் என்றால் ஏதோ கேவலம் என்று நினைக்கிறார்கள். இந்த எடை வண்டிக்குப் பின்னால் நல்ல டிரம் தாராளமாகப் போதும், ஹேண்ட்பிரேக்கும் அதில்தான் நன்றாகப் பிடிக்கும்.

துளை போட்ட டிஸ்க் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. மலிவானவற்றில் துளையிலிருந்துதான் விரிசல் தொடங்குகிறது. துளையில்லாத நல்ல டிஸ்க் போடுங்கள். விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். லேத்தில் கொடுத்து மழித்து மழித்து அதற்குக் கீழே போன டிஸ்க்கை மறுபடி மாட்டாதீர்கள்.

பேடில் மட்டும் கவனம் வேண்டும். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது அதிகச் சூட்டில். "ஈ" குறைவு, "எஃப்" நடுத்தரம், "ஜி" அதைவிட அதிகம். இரண்டாவது எழுத்து முதலாவதை விட இறங்கியிருந்தால் மலைப்பாதைக்கு அது வேண்டாம். ரேஸ் பேட் வாங்கிப் போட்டு கோவை ஆர்.எஸ்.புரம் மாதிரி ஊருக்குள் ஓட்டாதீர்கள். அது சூடானால்தான் பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் உங்களைக் கைவிடும்.

பழைய வண்டிக்கு நான் செலவு செய்யச் சொல்லும் வரிசை வேறு. முதலில் டயர். அடுத்து நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், புதிதாக. இருபது வருட ஹோஸ் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டு பிரேக்கை விடாமல் பிடித்துவைக்கும். காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்கான சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண சேஸிஸ் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி, அந்த ஸ்லைடு பின் இறுகிவிடும். உள் பேட் தேய்ந்து தகடாகி வெளிப் பேட் புதிதாக இருந்தால் இந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். பின் சக்கரத்தின் வீல் சிலிண்டர், ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் பாருங்கள். பூஸ்டரைச் சோதிக்க இன்ஜினை நிறுத்தி நான்கைந்து தடவை மிதித்து, காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்ற வேண்டும், குறைந்தால் ஊற்றுவது கணக்கில் வராது. ஆயில் குறைகிறதென்றால் பேட் தேய்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. டாட் 5.1 ஊற்றலாம். டாட் 5 அதன் தம்பி இல்லை, சிலிக்கான் ஆயில், கலக்கவே கூடாது. ஸ்டீயரிங் ஆயிலைத் தவறி ஊற்றிவிட்டால் ஒரு மிதி கூட மிதிக்காமல் போன் செய்யுங்கள், உள்ளிருக்கும் ரப்பர் அத்தனையும் ஊதிப்போகும்.

இவ்வளவும் முடித்தும் சூடு பிரச்சினை இருந்தால் மட்டும் பெரிய பிரேக் பற்றிப் பேசுவோம். அப்போதும் அதே குடும்பத்தின் பெரிய மாடலில் கம்பெனியே போட்ட காலிப்பர், டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர் என்று ஒரே செட்டாக. ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் எடுத்துக் கோர்க்காதீர்கள். கம்பெனி அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

மலை இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். வளைவுக்கு முன் ஒரு தடவை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். சக்கரத்திலிருந்து கருகல் வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பெடல் உள்ளே போய்விட்டால் வேகமாகப் பல தடவை மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள், ஹேண்ட்பிரேக்கை பட்டனை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் அந்தத் தம்பி செய்த மாதிரி மலைப் பக்கம் உரசுங்கள், பள்ளத்தின் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

அவருடைய பழைய காலிப்பர்கள் நல்லவேளையாக வீட்டுப் பரணில் இருந்தன. ரப்பர் கிட் மாற்றி அவற்றையே மாட்டியாகிவிட்டது. வீல் சிலிண்டர் இரண்டும், ஹோஸ் நான்கும், டாட் 4 ஒரு லிட்டரும் புதிது. டயர் புதன்கிழமை வருகிறது. அதுவரை சாவி என் மேஜை டிராயரில்தான் இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.