தன்முத்திரை: ஒரு சொல் விளக்கம், கொஞ்சம் புலம்பல்

“நிலையான மற்றும் உண்மையான தனிப்பட்ட பிராண்டை ஆன்லைனில் உருவாக்குவது எப்படி?”

இந்தத் தலைப்பையோ இதன் அண்ணன் தம்பிகளையோ இணையத்தில் பார்க்காதவர் அரிது. எட்டுச் சொல். அதில் ‘எப்படி’ ஒன்றுதான் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் வரும் ‘தனிப்பட்ட பிராண்ட்’, ஆங்கிலத்துப் பர்சனல் பிராண்ட். அதற்குத் தமிழில் ‘தன்முத்திரை’ என்பது என் கட்சி. வேரை முதலில் பார்த்துவிடுவோம். பிராண்ட் என்பது ஜெர்மானிய மொழிக் குடும்பத்துப் பழஞ்சொல். நெருப்பு, எரியும் கட்டை என்பதே முதற்பொருள். பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடும் சூட்டுக்கும், அது விட்டுப்போகும் தழும்புக்கும் பெயராயிற்று. மாட்டின் மேல் விழுந்த தழும்பு ‘இது இன்னாருடையது’ என்றது. 19ஆம் நூற்றாண்டில் அது சரக்கின் பெயராக மாறியது. ஆளின் மேல் ஏறியது அண்மையில்தான். 1997 ஆகஸ்டில் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற அமெரிக்க வணிக இதழில் மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் எழுதிய கட்டுரை, பர்சனல் பிராண்ட் என்ற பேச்சை ஊரெங்கும் பரப்பியது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை நம்மிடம் இருக்கிறது. பிராண்ட் என்ற சொல்லின் வேர்ப்பொருளும் இன்றைய பொருளும் அந்த ஒரே பழமொழிக்குள் அடக்கம். இதைத் தெரிந்துகொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தால் ‘தனிப்பட்ட பிராண்ட்’ பிறந்தே இருக்காது.

பொருள் என்ன? ஒருவர் பெயரைக் கேட்டதும், அவரை அறிந்தவர் மனத்தில் எழும் எதிர்பார்ப்பு. ‘வரிக்கணக்கில் சந்தேகமா, இவரைக் கேள்’, ‘இவர் எழுதினால் படம் போட்டு விளக்கியிருப்பார்’ என்பது போன்ற எதிர்பார்ப்பு. அது பிறர் மனத்தில் இருப்பது. அதற்குக் காரணமாகும் பெயர், படம், அறிமுக வரி, பேசுபொருள், பேச்சுநடை ஆகிய ஐந்தும் நம் கையில் இருப்பவை.

இப்போது ‘தனிப்பட்ட’ என்ற அடையை எடுத்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட விஷயம், தனிப்பட்ட விரோதம், தனிப்பட்ட காரணங்களால் விலகல். தமிழில் இந்த அடை எங்கே வந்தாலும் ‘வெளியார் தலையிட வேண்டாம்’ என்ற வேலி கூடவே வருகிறது. பர்சனல் பிராண்டோ ஊரார் பார்க்கவென்றே வைப்பது. வேலிக்கு வெளியே நிற்கும் ஒன்றுக்கு வேலியையே பெயராக வைத்திருக்கிறோம். பர்சனல் என்றால் தனிப்பட்ட என்று அகராதியின் முதல் வரியிலேயே நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இதைவிட என்னைப் படுத்துவது தூயதமிழ் வேடம் போட்டு வரும் ‘தனிநபர் வணிகச்சின்னம்’. பிராண்ட் என்ற பிறமொழிச் சொல் போயிற்று என்ற மகிழ்ச்சியில் பலரும் இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். பிராண்டைத் துரத்தியவர்கள் ‘நபர்’ அரபியிலிருந்து வந்தவர் என்பதைக் கவனிக்கவில்லை. அதை விடுங்கள், நபரோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை பொருளோடு.

வணிகச்சின்னம் என்பது சட்டத்தின் சொல். பதிவு செய்யலாம், விற்கலாம், உரிமம் கொடுத்து வாடகை வாங்கலாம், திருடியவர் மேல் வழக்குப் போடலாம். பிறர் மனத்து எதிர்பார்ப்பை இவற்றில் எதுவும் செய்ய முடியாது. ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரைச் சட்டப்படி பதிவு செய்வது உண்டு. அதைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை வைத்தால் வரும் வாக்கியம் இது: ‘உங்கள் தனிநபர் வணிகச்சின்னத்தை வணிகச்சின்னமாகப் பதிவு செய்யுங்கள்.’ இரண்டு வெவ்வேறு பொருள் ஒரே வாக்கியத்தில் வந்தபோது ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. கலைச்சொல் என்றால் பிரித்துக்காட்ட வேண்டும். இது குழைத்துக் கொடுக்கிறது.

அடுத்தது ‘சின்னம்’. அதைக் கேட்டதும் கண் ஓர் உருவத்தைத் தேடும். அதனால்தான் இந்த மொழிபெயர்ப்பைப் படித்தவர் முதல் வேலையாகத் தனக்கொரு லோகோ வரையப் போகிறார். தன் பெயரின் முதலெழுத்தை வளைத்து நெளித்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறார். பெரும்பாலான தளங்கள் அந்தப் படத்தை வட்டமாக வெட்டும். சதுரத்துக்குள் வட்டம் போட்டால் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நான்கு மூலைகளும், போய்விடும். மூலைவரை நீட்டிய எழுத்தின் வாலும் கொம்பும் அதோடு போகும். மிஞ்சுவது கைப்பேசித் திரையில் பட்டாணி அளவுக்கு வரும்போது யாருக்கும் எதையும் சொல்லாது. முகத்தை வைத்திருந்தால் தெரிந்தவர் அடையாளம் கண்டிருப்பார். ஒரு மொழிபெயர்ப்புச் சொல் ஆளை லோகோ வரைய அனுப்புகிறது என்றால் அது வெறும் சொற்குற்றம் இல்லை.

‘வணிகம்’ இன்னொரு வம்பு. ஆசிரியர், செவிலியர், ஆய்வாளர், தன்னார்வலர் எல்லாருக்கும் இணையத்தில் ஒரு முகம் உண்டு. அவர்கள் எதை விற்கிறார்கள்? ‘தனிநபர்’ என்பதோ கடன் விண்ணப்பத்திலிருந்து எழுந்து வந்த வாடை அடிக்கிறது: தனிநபர் கடன், தனிநபர் வருமானம், தனிநபர் மசோதா.

‘சுயவிளம்பரம்’ என்று சொல்லி முடித்துவிடலாமே என்பார்கள் சிலர். அது வசவு, விளக்கம் இல்லை. தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் தம்பட்டம் என்று நம் இலக்கணக்காரர்களே நினைக்கவில்லை. தன்னைப் புகழ்தல் தகாது என்று விதித்த நன்னூல், அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் தகும் என்று விலக்களிக்கிறது. அதில் ஒன்று ‘தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்’, அதாவது தன் திறமையை அறியாதவர் நடுவில். இணையத்தில் அறிமுக வரி எழுதும் எவரும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

சரி, எதை வைப்பது? எனக்குப் பிடித்த சொல் ‘பொறி’. வணிகச் சரக்கின் மேல் குறி இடும் வழக்கத்துக்குத் தமிழில் உள்ள பழைய சான்று அதில்தான் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்கள் மேல் சோழர் முத்திரை இட்டு அனுப்பியதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ என்கிறது. தீயும் குறியும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது இன்னொரு அழகு. பிராண்டில் எரியும் நெருப்பு நம் தீப்பொறியிலும் இருக்கிறது. ஆனாலும் கைவிடத்தான் வேண்டும். இன்றைய வாசகருக்குப் பொறி என்றால் எலிப்பொறி, இல்லாவிட்டால் பொறியியல். ‘தன்’னோடு சேர்த்தால் தற்பொறி ஆகும். தானே இயங்கும் ஏதோ எந்திரம் என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே முத்திரை. வடசொல்தான், முத்ரா. தெரிந்தேதான் எடுக்கிறேன். ‘நடிப்பில் முத்திரை பதித்தவர்’ என்று படிக்காதவரும் சொல்லும் அளவுக்கு அது வேரூன்றிவிட்டது. அந்தத் தொடரில் முத்திரை கண்ணுக்குத் தெரியும் சின்னம் இல்லை, ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்ட தன்மை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

‘தனிமுத்திரை’ போதாதா? போதாது. தனி என்றதும் ஒப்பற்றது என்ற பாராட்டு சேர்ந்துவிடுகிறது. மோசமான பர்சனல் பிராண்டும் உலகில் உண்டு. ‘மோசமான தனிமுத்திரை’ என்று எழுதினால் சொல் தன்னையே மறுக்கிறது. ‘தன்முத்திரை’ நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொது. தன்வரலாறு, தன்விவரம், தன்மதிப்பு, தன்மானம் என்று வரிசையும் தயாராக இருக்கிறது. மகரம் வந்தால் னகரம் மாறாது, ஆகவே புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை.

ஒரு கொசுறு. தளங்களின் எழுத்துக் கணக்கு நம் எழுத்துக் கணக்கு இல்லை. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு ஐந்து. ‘தன்முத்திரை’ 11 இடம் பிடிக்கும், ‘தனிநபர் வணிகச்சின்னம்’ இடைவெளியோடு 21. எக்ஸ் தளம் அறிமுக வரிக்குத் தருவது 160, இன்ஸ்டாகிராம் 150. தமிழில் எழுதினால் கையில் நிற்பது ஏறக்குறைய 100 எழுத்து. ‘பன்முக ஆளுமை, கனவுகளின் காதலன்’ என்று தொடங்கினால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்ல இடம் இருக்காது. என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்கிறீர்கள், இரண்டும் முதல் 40 எழுத்துக்குள் வந்துவிட வேண்டும்.

அடுத்த பிழை ‘நிலையான’. கன்சிஸ்டன்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குப் பொருள் ‘சேர்ந்து நிற்றல்’. உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பது. நிலையானது என்றால் அசையாதது. இந்த மொழிபெயர்ப்பை நம்பியவர் பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை மாற்ற மாட்டார், விட்டுவிட்ட வேலையை அறிமுகத்திலிருந்து எடுக்க மாட்டார். இன்னொரு வகையினர் ஒரே பதிவை நான்கு தளத்திலும் எழுத்து மாறாமல் ஒட்டுவார்கள். சரியான சொல் ‘சீரான’. வெண்பாவில் ஒவ்வொரு சீரும் வேறு சொல்தான். சீருக்கும் சீருக்கும் நடுவே உள்ள இசைவு, அதாவது தளை, தட்டாமல் இருந்தால் போதும்.

தளை எங்கே தட்டுகிறது என்றால், முதலில் பெயரில். எக்ஸ், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் பயனர் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க முடியாது. ரோமன் எழுத்துக்குப் போனதும் செழியன் நான்கு ஆளாகப் பிரிகிறார். சகரத்துக்கு எஸ் போடுவதா, சி-எச் போடுவதா? ழகரத்துக்கு ‘எல்’ போடுவதா, இசட்-எச் போடுவதா? ஓரிடத்தில் ஒன்று, மறு இடத்தில் மற்றொன்று என்றால் தேடுபவருக்குப் பாதி ஆள்தான் கிடைப்பார். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, மிகக் குறுகிய வரம்பில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ் தளத்தில் பயனர் பெயருக்கு 15 எழுத்து, இன்ஸ்டாகிராமில் 30. பெரியதில் முதலில் பதிந்துவிட்டுச் சிறியதற்கு வரும்போதுதான் பெயரை வெட்ட வேண்டி வந்து சீர் குலைகிறது. 15-இல் தொடங்குங்கள். நீங்கள் விரும்பிய பெயர் ஏதாவது ஒரு தளத்தில் எடுக்கப்பட்டிருந்தால், அங்கே மட்டும் எண்ணை ஒட்டாமல் எல்லா இடத்திலும் பின்னொட்டோடு சேர்த்தே வையுங்கள். வேலை மாறினால் எல்லா அறிமுக வரியையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மறந்துபோவது வழக்கமாக மின்னஞ்சல் கையொப்பமும், கைவிட்ட பழைய கணக்கும்தான். தேடுபொறி அந்தப் பழைய கணக்கை முதலில் நீட்டுவதும் உண்டு.

‘உண்மையான’ என்பதற்கு வருவோம். ‘உண்மையான பிராண்ட்’ என்றால் போலிச் சரக்கு இல்லை என்றுதான் தமிழ்க் காது கேட்கும். ஆதென்டிக் என்பதன் கிரேக்க வேரில் ‘தான்’ இருக்கிறது. தன் சொந்த அதிகாரத்தில் செய்பவன் என்பது பொருள். (அதே கிரேக்கச் சொல்லுக்குக் கொலைகாரன் என்றும் பொருள் உண்டு. தன் கையாலேயே செய்தவன் அல்லவா.) நம் ‘தன்மை’யும் ‘தன்’னிலிருந்து வந்ததுதான். உள்ளதை உள்ளபடி சொல்வதைத் தன்மையணி என்றும் இயல்பு நவிற்சி என்றும் அணியிலக்கணம் பெயரிட்டிருக்கிறது. இணையத்து அறிமுக வரிகளில் ஓடுவது பெரும்பாலும் உயர்வு நவிற்சி, அதாவது மிகைப்படுத்திச் சொல்வது. ஆகவே ‘இயல்பு மாறாத’ என்று சொல்லுங்கள். அந்தரங்கம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. ‘உண்மையான’ என்ற சொல் ஆளை அந்தத் தவறுக்கும் இழுக்கிறது, மறைத்தால் பொய் ஆகிவிடுமோ என்று அஞ்ச வைக்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம். சொன்னது உங்கள் பேச்சாக இருந்தால் சரி. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நேரில் ஒருபோதும் வாயில் வராத சொல் தட்டுப்பட்டால், அது எந்தப் புலியிடமிருந்து வந்த வரி என்று தெரிந்துவிடும்.

‘மற்றும்’ பற்றிச் சொல்லிச் சலித்துவிட்டது. தமிழில் ‘உம்’ இருக்கிறது, எச்சம் இருக்கிறது, ஒரு கால்புள்ளிகூட இருக்கிறது. இரண்டு அடைகளுக்கு நடுவில் மற்றும் என்ற ஆப்பு எதற்கு? ஆன்லைனுக்கு இணையம் என்ற சொல் வந்து எத்தனை காலம் ஆயிற்று?

தலைப்பை இப்படித் திருத்தலாம்: ‘இணையத்தில் உங்கள் தன்முத்திரையை இயல்பு மாறாமல், சீராகப் பதிப்பது எப்படி?’

‘உருவாக்கு’ காணாமல் போயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர்ச்சொல்லைத் திருத்தியவர்கள் அதற்குரிய வினைச்சொல்லில் கோட்டை விடுகிறார்கள். முத்திரைக்குத் தமிழில் மூன்று வினை உண்டு, மூன்றும் மூன்று பொருள். ஆவணத்துக்கு முத்திரை இடுகிறோம். ஒருவரைத் துரோகி என்றோ சோம்பேறி என்றோ முத்திரை குத்துகிறோம். தன் திறத்தால் ஒருவர் முத்திரை பதிக்கிறார். பர்சனல் பிராண்டிங் என்பதற்குத் ‘தன்முத்திரையிடல்’ என்று எழுதினால் பத்திரப்பதிவு அலுவலக வாசனை, ‘தன்முத்திரை குத்தல்’ என்றால் தன்னைத்தானே வைதுகொள்வது. தன்முத்திரை பதித்தல் என்பதே சரி. ரீபிராண்டிங் என்பதற்கு ‘மறுமுத்திரையாக்கம்’ என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. ‘முத்திரை மாற்றம்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது?