பல்லிணை இழுபொறி: பல் இருப்பது தண்டவாளத்தில் அல்ல

‘கியர்டு லோகோமோட்டிவ்’ என்பதைத் தமிழில் எழுத உட்காருபவரின் பேனா, யோசிக்காமல் ‘பற்சக்கர ரயில்’ என்று எழுதிவிடும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்: நீலகிரி மலை ரயில். பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக அந்த ரயிலைத்தான் பற்சக்கர ரயில் என்று எழுதி வருகின்றன. கியர்டு லோகோமோட்டிவுக்கும், அதாவது அமெரிக்க மரவெட்டுக் காடுகளில் ஓடிய எந்திரங்களுக்கும், அதே பெயரை வைத்தால், வாசகர் ஊட்டி ரயிலைக் கற்பனை செய்துகொள்வார். அந்தக் கற்பனை முழுக்கத் தவறு.

வேறுபாடு பல் எங்கே இருக்கிறது என்பதில்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கம்பக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. என்ஜினுக்கு அடியிலுள்ள பற்சக்கரங்கள் அந்தச் சட்டங்களைக் கடித்துக்கொண்டு ஏறுகின்றன. இதைப் ‘பற்சட்டப் பாதை’ என்பதே துல்லியம். கியர்டு லோகோமோட்டிவ் ஓடும் பாதையிலோ நடுவே எதுவும் கிடையாது. மற்ற ரயில்களுக்கு இருப்பது போன்ற வழுவழுப்பான தண்டவாளம்தான். பற்கள் எல்லாம் என்ஜினுக்குள்ளேயே, நீராவியின் உந்துதலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் இருக்கின்றன.

‘கியர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்குக் கருவி, தளவாடம், உடுப்பு என்றெல்லாம் பொருள். பல் என்ற பொருள் தொடக்கத்தில் துளியும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்தில் அது பல்லுள்ள சக்கரங்களைக் குறிக்கத் தொடங்கியது. பழைய பொருள் சாகவில்லை என்பதை மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். எல்லா நீராவி என்ஜினிலும் ‘வால்வு கியர்’ என்றோர் உறுப்பு உண்டு. சிலிண்டருக்குள் நீராவியை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. பொதுவாக அது கம்பிகளும் நெம்புகோல்களும் கொண்ட அமைப்பு. கியருக்கான கலைச்சொல்லை வைத்து அதைப் ‘பல்லிணை’ என்று பெயர்த்தால் இல்லாத பல்லைக் கட்டிவிட்டதாகும். ‘ஓரதர் இயக்கமைப்பு’ என்பதே அங்கே பொருந்தும் (ஓரதர் என்றால் வால்வு). விமானத்தின் ‘லேண்டிங் கியர்’ கதையும் இதேதான்.

‘லோகோமோட்டிவ்’ லத்தீன் வேர்களால் ஆனது: இடம், அசைவு. ஓரிடத்திலிருந்து பெயர்வது என்பது பொருள். முதலில் அது பெயரடையாகவே வழங்கியது. ‘லோகோமோட்டிவ் என்ஜின்’ என்றால் இடம்பெயரும் எந்திரம், அதாவது தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று சுழலும் நீராவி எந்திரம் அல்லாதது. பிறகு ‘என்ஜின்’ உதிர்ந்து அடைமொழியே பெயராகிவிட்டது. தமிழில் நடந்தது நேர் எதிர். நாம் அடைமொழியை உதறிவிட்டு என்ஜினை வைத்துக்கொண்டோம். ‘ரயில் என்ஜின்’ எல்லோருக்கும் புரிகிறது. கலைச்சொல் வேண்டுபவர்கள் ‘இழுபொறி’, ‘உந்துபொறி’ என்கிறார்கள். நான் இழுபொறியின் பக்கம். மலைப்பாதையில் என்ஜின் பின்னால் நின்று தள்ளும்போது அந்தப் பெயர் பொருந்தாதே என்று கேட்கலாம். அதன் பிழைப்பு இழுப்பதுதான், எப்போதாவது தள்ளுவதால் பெயர் கெட்டுவிடாது.

கியருக்குப் ‘பல்லிணை’ என்ற கலைச்சொல் பொறியியல் தமிழில் உண்டு. பல்லும் பல்லும் இணைவது. இதிலும் சின்னச் சிக்கல் இருக்கிறது. ‘பல்லுயிர்’ என்றால் பல உயிர்கள் என்று படித்துப் பழகிய கண், ‘பல்லிணை’யைப் பல இணைகள் என்று படிக்க வாய்ப்புண்டு. ஆனாலும் ‘பற்சக்கர’ என்பது ஊட்டி ரயிலோடு மோதுவதைவிட இந்தச் சிக்கல் சிறியது. ஆகவே ‘பல்லிணை இழுபொறி’. கட்டுரையில் முதல்முறை இப்படி எழுதிவிட்டு, பிறகு என்ஜின் என்றே ஓட்டிக்கொண்டு போகலாம்.

இனி பொருளுக்கு வருவோம். ரயில் என்ஜின் பிறந்தபோதே பல்லோடுதான் பிறந்தது. 1804 பிப்ரவரியில் தென் வேல்ஸின் பெனிடாரனில் ரிச்சர்ட் டிரெவிதிக் ஓட்டிக்காட்டிய என்ஜின், 10 டன் இரும்பை இழுத்தது. அதில் சிலிண்டரின் அசைவு பற்சக்கரங்கள் வழியாகவே ஓடும் சக்கரங்களுக்குப் போனது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1812-ல், லீட்ஸ் அருகே மிடில்டனில் ஜான் பிளென்கின்சாப்பின் பாதையில் பல் தண்டவாளத்துக்கே போய்விட்டது. அதாவது நாம் மேலே பிரித்துப் பார்த்த இரண்டு வகைகளும் ரயிலின் குழந்தைப் பருவத்திலேயே பிரிந்துவிட்டன. பிறகு பிஸ்டனின் தள்ளலை நீண்ட இரும்புக் கோல்களால் நேரே சக்கரத்துக்குக் கடத்தும் முறை வென்றது. அமெரிக்க மரவெட்டிகள் இந்தச் சாதாரண என்ஜினைக் ‘கோல் என்ஜின்’ என்று பிரித்தே சொன்னார்கள்.

கோல் என்ஜின் நல்ல பாதையில் ராஜா, காட்டில் அப்படியில்லை. காட்டுப் பாதை நிரந்தரமானதல்ல. ஒரு பகுதியில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த பகுதியில் போடுவார்கள். ஆகவே மண்ணைச் சமன்படுத்தக் காசு செலவழிக்க மாட்டார்கள். சில இடங்களில் மரக்கட்டையே தண்டவாளம். செங்குத்தான ஏற்றம், குறுகிய வளைவு, ஈரம், சேறு. பெரிய சக்கரங்கள் அசையாத ஒரே சட்டத்தில் வரிசையாக மாட்டப்பட்ட கோல் என்ஜின் இந்த வளைவுகளில் தடம்புரளும். அதன் கனத்த கோல்கள் மேலும் கீழும் ஆடி, சுத்தியலால் அடிப்பதுபோல் பாதையை அடிக்கும்.

இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் எஃப்ரைம் ஷே. 1839-ல் ஒஹையோவில் பிறந்து, மிச்சிகனில் மரம் வெட்டும் தொழிலுக்கு வந்தவர். அங்கே அக்கால வழக்கம், பனிக்காலத்தில் உறைந்த தரைமேல் சறுக்குவண்டியில் மரத்தை ஆற்றங்கரைக்கு இழுத்து வைத்திருந்து, பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிடுவது. பனி சரியாகப் பெய்யாத ஆண்டில் தொழில் படுத்துவிடும். ஆண்டு முழுவதும் மரம் இறக்க வேண்டும் என்று ஷே விரும்பினார். 1880-ல் ஒஹையோவின் லைமா நகரத் தொழிற்சாலை அவருடைய யோசனைப்படி என்ஜின் கட்டியது. 1881 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. (பெரு நாட்டுத் தலைநகர் லிமா. அதே எழுத்துகள் கொண்ட இந்த ஒஹையோ ஊரை அங்கத்தியர் லைமா என்றே உச்சரிக்கிறார்கள். தமிழில் இரண்டையும் லிமா என்று எழுதிக் குழப்ப வேண்டாம்.)

ஷே என்ஜினை முன்னாலிருந்து பார்த்தால் ஏதோ விபத்தில் நசுங்கியதோ என்று தோன்றும். கொதிகலன் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வலப்பக்கத்தில் சிலிண்டர்கள், பெரும்பாலும் மூன்று, செங்குத்தாக நிற்கும். அந்த எடையை ஈடுகட்டத்தான் கொதிகலன் ஒதுங்கியிருக்கிறது. சிலிண்டர்கள் கீழேயுள்ள வணரித்தண்டைச் சுழற்றும். கிராங்க் ஷாஃப்ட் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். அதிலிருந்து முன்னும் பின்னும் என்ஜினின் நீளத்துக்குத் தண்டு ஓடுகிறது. லாரிக்கு அடியில் கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் தண்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். அதே போன்ற மடங்கும் மூட்டுகள் இதிலும் உண்டு. வளைவில் தண்டு நீளவும் குறுகவும் வேண்டுமே, அதற்கு ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இணைப்பும் உண்டு. தண்டிலுள்ள சிறிய கூம்புப் பல்லிணைகள், சக்கரங்களின் வெளிமுகத்தில் பொருத்திய பெரிய பல்லிணைகளைச் சுழற்றுகின்றன.

இதில் கிடைக்கும் லாபம் மூன்று வகையில் வருகிறது. எல்லாச் சக்கரங்களும் இழுக்கின்றன, ஆகவே என்ஜினின் முழு எடையும் பிடிப்பாகிறது. பல வகைகளில் பின்னால் தொங்கும் தண்ணீர்த் தொட்டியின் சக்கரங்கள்கூட இழுப்பவைதான். வணரித்தண்டு இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் பெரும்பாலான மாதிரிகளில் சக்கரம் ஒரு சுற்று வரும், ஆகவே வேகம் குறைந்து வலு கூடுகிறது. மூன்றாவதைத்தான் நான் முக்கியம் என்பேன். இரண்டு சிலிண்டர் கோல் என்ஜினில் சக்கரம் ஒரு சுற்று வர நான்கு தள்ளல்கள் மட்டுமே. ஷேயில் வணரித்தண்டின் ஒரு சுற்றுக்கே ஆறு தள்ளல்கள், சக்கரச் சுற்றுக்குக் கணக்குப் பார்த்தால் பன்னிரண்டுக்கும் மேல். இழுப்பு விட்டுவிட்டு வராமல் சீராக வருவதால் ஈரத் தண்டவாளத்திலும் சக்கரம் எளிதில் வழுக்குவதில்லை. விலை என்ன என்றால் வேகம். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் விரைவு ரயில் பறப்பது போலிருக்கும் சத்தம், கண்ணைத் திறந்தால் ஆள் நடக்கும் வேகத்தில் மேடேறிக்கொண்டிருக்கும்.

சக்கரங்கள் மாட்டியிருக்கும் சட்டங்கள் தனித்தனியே திரும்பக்கூடியவை. இவற்றுக்குப் பெயர்தான் ‘போகி’. நாம் ரயில் பெட்டியையே போகி என்று அழைத்துப் பழகிவிட்டோம். பெட்டிக்கு அடியிலுள்ள திரும்பும் சக்கரச் சட்டமே உண்மையான போகி. ‘இரண்டு போகி ஷே’, ‘மூன்று போகி ஷே’ என்று படிக்கும்போது பெட்டிகளை எண்ணிவிடக் கூடாது.

லைமாவில் சுமார் 2,770 ஷேக்கள் கட்டப்பட்டன. போட்டியாளர்கள் இருவர். பென்சில்வேனியாவின் கோரி நகரிலிருந்து வந்த கிளைமாக்ஸ், இருபுறமும் சாய்ந்த சிலிண்டர்களும் நடுவே ஓடும் தண்டும் கொண்டது. அதே மாநிலத்தின் ஈரி நகரில் உருவான ஹைஸ்லர், ஆங்கில வி எழுத்தைப்போல் சிலிண்டர்களை வைத்தது. மூன்றிலும் வேகமானது என்று பெயர் வாங்கியது. ஷேயின் காப்புரிமைகள் காலாவதியான பிறகு போர்ட்லாண்டின் வில்லமெட் நிறுவனம் 1922 முதல் 1929 வரை அதைப் போலவே 33 என்ஜின்களைக் கட்டியது. இவை வணிகப் பெயர்கள், மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘ஷே வகைப் பல்லிணை இழுபொறி’ என்று எழுதினால் போதும்.

இவை ஓடிய பாதைக்கும் தமிழில் பெயர் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களிடம் ‘கூப்பு’ என்ற சொல் புழங்குகிறது. மரம் வெட்டக் குறித்துவிட்ட காட்டுப்பகுதி அது. ‘கூப்பு ரயில்’ என்பது ‘மரம்வெட்டு இருப்புப்பாதை’யைவிட எவ்வளவோ உயிருள்ளது. பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கிய கொச்சி அரசின் காட்டு டிராம்வே அப்படி ஒரு கூப்பு ரயில்தான். 1907 முதல் 1963 வரை ஓடியது. அங்கே செங்குத்துச் சரிவைக் கயிற்றால் சமாளித்தார்கள்: மரத்தோடு இறங்கும் வண்டியின் எடை, காலி வண்டியை மேலே இழுத்தது.

பல்லிணை இழுபொறி ஆசியாவுக்கும் வந்தது. ஜப்பானிய ஆட்சியில் தைவானின் அலிஷான் மலையிலிருந்து சைப்ரஸ் மரம் இறக்க, 762 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு லைமாவிலிருந்து ஷேக்கள் கப்பலேறின. 18 டன்னில் ஒரு வகை, 28 டன்னில் ஒரு வகை. அந்தப் பாதை ஒரு மலையையே சுருளாகச் சுற்றி ஏறுகிறது.

ஏற்றத்தில் இவற்றின் திறனை அளக்க மேற்கு வர்ஜீனியாவின் காஸ் நகரம் நல்ல இடம். காகிதக் கூழுக்கு மரம் இறக்கிய பாதை இப்போது சுற்றுலாப் பாதை. அதில் 100 அடிக்கு 11 அடி ஏறும் இடம் உண்டு. நீலகிரியில் பற்சட்டத்தைக் கடித்து ஏறும் சரிவு 12 அடிக்கு ஓரடி என்ற அளவில்தான். காஸில் வெறும் தண்டவாளத்தில், கடிக்க எதுவும் இல்லாமல், ஷேக்கள் அதைவிடச் செங்குத்தாகப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகின்றன. அவற்றில் ஒன்று 1905-ல் கட்டியது. 1945-ல் லைமா கட்டிய கடைசி ஷேயும் அங்கேதான் இருக்கிறது. அது மரத்துக்காக அல்ல, வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வேயின் நிலக்கரிக் கிளைப்பாதைக்காகக் கட்டப்பட்டது.